காணாமல் போனவர்களின் இலக்கணம்

இலக்கணம் படிக்க வந்த முதல் நாளே விடங்கர் தன் வயதைச் சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு. நெடுந்துறை நாட்டின் தலைமை நீதிபதி அவர். சொல்லிக் கொடுக்க வேண்டிய பூதிக்கு முப்பத்தைந்துகூட நிரம்பவில்லை. குயவர் வீட்டுப் பெண். ஆற்றோரம் புன்னை மரத்தடியில் ஒரு குடிசை, நாலு சுவடிக் கட்டு, அவ்வளவுதான் சொத்து. ஆனால் அரசவைப் புலவர் எழுதிய பாட்டிலேயே பிழை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சந்தையில் கீரைக்காரியிடம் பேசினாலும் எழுதிப் படிப்பது போலத்தான் பேசுவார். ஊரார் அதைக் கேலி செய்வார்கள். மனு எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் ஓடுவார்கள்.

"சட்டத்தில் ஓர் எழுத்து பிசகினால் ஒருவன் தலை போய்விடும். அதனால்தான் வந்தேன் அம்மா" என்றார் விடங்கர்.

"தலை போகாவிட்டாலும் பிழை பிழைதான். உட்காருங்கள் ஐயா" என்றார் பூதி.

மூன்று வருடத்தில் நீதிபதியின் பிழைகளெல்லாம் உதிர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. 'சொல்லாமல் போனார்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சொல்லாமல்ப் போனார்' என்று எழுதிவிடுவார். நடுவில் வேண்டாத ஒரு 'ப்' வந்து ஒட்டிக்கொள்ளும்.

"ல் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஒற்று உட்காராது ஐயா."

"தெரியும் அம்மா. கை முந்திக்கொள்கிறது" என்று நாக்கைக் கடித்துக்கொள்வார். நாடே நடுங்கும் நீதிபதி அப்படி நாக்கைக் கடிப்பதைப் பார்க்கப் பூதிக்குச் சிரிப்பாக வரும்.

அன்று மதியம் அவர் வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரும் நிலை இல்லை. வியர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் ஒரு பெரிய சுவடிக் கட்டு.

விஷயம் இதுதான். இருபது வருடம் நாட்டை ஆட்டிப் படைத்த கோட்டைத் தலைவன் போன வருடம் வீழ்ந்தான். அவன் காலத்தில் எழுநூறு பேர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. அவர்கள் குடும்பங்களுக்கு நீதி செய்ய ஒரு சாசனம் எழுதும்படி புதிய அரசர் விடங்கரிடம் சொல்லியிருந்தார். மறுநாள் காலை சபையில் வாசிக்க வேண்டும். எல்லாக் குடும்பமும் கைநாட்டு வைத்தால்தான் அது செல்லும். தோணிக்காரர் ஒருவரின் மனைவி வேம்பு, வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் வைக்காததால் மற்ற யாருமே வைக்கவில்லை. எழுநூறு பெண்களும் நீதிமன்ற வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சாசனத்தைப் படியுங்கள்" என்றார் பூதி.

விடங்கர் படித்தார். "காணாமல் போனவர்களின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு இரண்டு மா நிலமும், ஆண்டுக்குப் பத்துக் கலம் நெல்லும் வழங்கப்படும்."

"தாராள மனம்தான். அந்த அம்மாள் என்ன சொன்னார்?"

விடங்கர் அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

"போனாருன்னு போட்டிருக்கீங்களே சாமி, எங்க போனாரு? சந்தைக்கா? ஆத்துக்குக் குளிக்கப் போனாக்கூட எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவாரு. எம் புருஷன் எங்கயும் போகல. தினம் காலையில பூ வைக்கிறேன், பொழுது சாஞ்சா எடுத்துடறேன். வைக்கலாமா கூடாதான்னு சொல்ல ஒரு நாதியில்ல. உங்க நெல்லு எனக்கு எதுக்கு?"

பூதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுதப் படிக்கத் தெரிந்தவரா அவர்?"

"கைநாட்டுத்தான் அம்மா. ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். சரி, முன்னோர் எப்படித்தான் சமாளித்தார்கள் என்று பார்க்கலாமென்று பழைய சாசனங்களைத் தேடினேன். இந்த நாட்டின் தலையெழுத்து, இது நான்காவது கொடுங்கோல். முன்பு மூன்று முறை எழுதியிருக்கிறார்கள். ஒன்றும் உருப்படி இல்லை."

"உருப்படி இல்லையென்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களா? வாசியுங்கள்."

முதல் ஏடு நூறு வருடம் பழையது. செல்லரித்திருந்தது.

"மன்னர் கொடியவர்களைத் தண்டித்தார்" என்று வாசித்தார் விடங்கர். "வென்றவன் தோற்றவனைத் தூக்கில் போட்டான். எந்த நாட்டில்தான் இது நடக்கவில்லை?"

"ஓரத்தில் சிறிய எழுத்தில் என்னவோ இருக்கிறதே."

விடங்கர் ஏட்டைக் கண்ணருகே கொண்டு போனார். ஒரு படைத்தலைவனின் வழக்கு. 'அரசன் ஆணையிட்டான், செய்தேன்' என்றிருக்கிறான் அவன். அதற்கு நீதிபதி சொன்ன பதில் கீழே இருந்தது. 'ஆணையிட்டான் என்பது அவன் வினை. செய்தேன் என்பது உன் வினை.'

"இன்னொரு முறை" என்றார் பூதி.

விடங்கர் மறுபடி வாசித்தார். பூதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்பேர்ப்பட்ட வரி ஐயா! அதுவரைக்கும் ஆணை என்று ஒரு சொல்லைச் சொல்லி எத்தனை பேர் தப்பியிருப்பார்கள். ஒரு வினைமுற்றைக் காட்டி அவனை நிறுத்தியிருக்கிறாரே! அந்த மனிதர் இருந்தால் காலில் விழுவேன்."

"ஆனால் செத்தவர்கள் வீட்டைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லையே அம்மா."

"இல்லை. அவர் கைக்கு அவ்வளவுதான் எட்டியது. அடுத்தது?"

"நடந்தவை மறக்கப்படும்." இதை வாசிக்கும்போதே விடங்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூசி மெழுகியிருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளிகள்."

"அன்று படை யார் கையில் இருந்தது?"

"பழைய தளபதிகள் கையில்."

"இந்த வரிக்குப் பிறகு அவர்கள் வாளைக் கீழே வைத்தார்களா?"

"வைத்தார்கள்."

"அப்படியானால் சிரிக்காதீர்கள். அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் உயிரோடு வளர்ந்தார்கள். மறக்கச் சொன்னால் மறந்துவிடும் என்று நினைத்தார்களே, அதில்தான் ஏமாந்துபோனார்கள்."

மூன்றாவது ஏட்டை விடங்கர் கொஞ்சம் மரியாதையோடுதான் எடுத்தார். 'செய்ததை மறைக்காமல் சொல்பவர் விடுவிக்கப்படுவார்.' அந்தக் காலத்து விசாரணை மண்டபத்தைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருந்தார். செய்தவன் எதிரில் நின்று சொல்வான். பறிகொடுத்தவள் உட்கார்ந்து கேட்பாள். ஊரே அழும்.

"அழுது முடித்து அவள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள். சொன்னவன் அதே ஊரில் மறுபடி காவலுக்கு நின்றான்" என்றார் விடங்கர். "அதனால்தான் நான் நிலமும் நெல்லும் சேர்த்தேன்."

"நல்ல காரியம் செய்தீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் சாசனத்தில் அவளே இல்லை. இரண்டாவதில் அவள் வாயை மூடினார்கள். மூன்றாவதில் அவளுக்கு ஓர் ஆசனம் போட்டார்கள். அவன் நின்றான், அவள் உட்கார்ந்தாள். இது தானாக வந்ததா?"

விடங்கர் மூன்று ஏடுகளையும் மடியில் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"ஒவ்வொரு சாசனத்துக்குப் பின்னாலும் இது போதாது என்று யாரோ ஒருத்தி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் ஐயா. பெயர்கூட இல்லை. இன்றைக்கு வந்திருப்பவருக்காவது வேம்பு என்று பெயர் தெரிகிறது. இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். அவர் கணவர் பெயர் என்ன?"

"தத்தன்."

"தத்தன் காணாமல் போனார். எழுவாய் எது?"

விடங்கர் பள்ளிப் பிள்ளை போலச் சொன்னார். "தத்தன்."

"வினை யாருடையது?"

"தத்தனுடையது."

"ஆகக் காணாமல் போகிற காரியத்தைச் செய்தவர் தத்தன். தன்னைத் தானே தொலைத்துக்கொண்டார் என்று எழுதி, அதற்குப் பத்துக் கலம் நெல் கொடுக்கிறீர்கள். எழுத்தறியாத அந்த அம்மாளுக்கு உங்களைவிட நன்றாக இலக்கணம் தெரிகிறது."

விடங்கருக்கு முகம் சிவந்தது. ஆனால் நல்ல மனிதர். புரிந்ததும் உடனே எழுத்தாணியை எடுத்தார். 'போனவர்கள்' என்பதை அடித்துவிட்டு 'ஆக்கப்பட்டவர்கள்' என்று எழுதினார். காணாமல் ஆக்கப்பட்டவர்கள். வாசித்துப் பார்த்தார். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

"இப்போது சரிதானே?"

"நல்ல முன்னேற்றம்" என்றார் பூதி. "யாரால்?"

"அம்மா?"

"ஆக்கப்பட்டார் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்க வேண்டுமே. அவர் இன்னும் வாக்கியத்துக்கு வெளியில்தான் நிற்கிறார். யாரால்?"

"சிப்பாய்களால். கோட்டைத் தலைவனால். அவர்கள் மேல் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்."

"அவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், கொன்றார்கள். அதற்கு அந்தச் சொற்களே இருக்கின்றன. காணாமல் ஆக்கியது யார் என்றுதான் கேட்கிறேன்." பூதி கட்டின் அடியில் கிடந்த ஒற்றை ஏட்டை எடுத்தார். புகை படிந்து கறுத்திருந்தது. "இது என்ன?"

"அந்த வேம்பு கொடுத்தாள். இருபது வருடம் கூரையில் செருகி வைத்திருந்தாளாம். ஏதோ பழைய மனு. நான் பார்க்கவில்லை."

அவர் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஏன் பார்க்கவில்லை என்பதை அவர் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளவில்லை.

பூதி ஏட்டைத் துடைத்தார். கோவை இலையைக் கசக்கி அதன் சாற்றோடு விளக்குக் கரியைக் குழைத்து ஏட்டின் மேல் தேய்த்தார். பிறகு துணியால் மெல்ல வழித்தார். கரி எழுத்துக்குள் மட்டும் தங்கி, ஒவ்வொரு சொல்லாக எழுந்து வந்தது. நீதிமன்றம் அவளுடைய மனுவுக்குக் கொடுத்த பதில் அது. ஒரே வரி.

'நின் கணவன் தத்தன் காணாமல்ப் போனார். மனு முடிந்தது.'

பூதி ஏட்டை அவர் முன்னால் வைத்தார். அந்த 'ப்' மேல் விரல்கூட வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் இல்லை.

விடங்கர் தன் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"அப்போது நான் நீதிமன்ற எழுத்தன்" என்றார். "மனு வந்தால் பதில் எழுதுவது என் வேலை. கோட்டையில் அடைத்தவர்களின் பட்டியல் எங்களுக்கு வரும். அவள் வந்த அன்று காலையில் அந்தப் பட்டியலில் தத்தன் பெயரைப் பார்த்தேன். உயிரோடு இருந்தார். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பயம். எல்லோருக்கும் எழுதுவதையே அவளுக்கும் எழுதிக் கொடுத்தேன்."

"சொல்லியிருந்தால்?"

"மனைவி நேரில் கேட்டால் கைதியைக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கும் சட்டம் இருந்தது. எட்டு நாள் கழித்துத்தான் பட்டியலில் பெயரை அடித்தார்கள்." அவர் அந்த மனு ஏட்டைக் கவிழ்த்து வைத்தார். "ஆணை அம்மா. அப்படித்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்கு ஆணை."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். நூறு வருடத்துக்கு முந்தைய ஏடு மடிமேல் திறந்தபடி கிடந்தது.

பூதி எழுத்தாணியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

விடங்கர் புரியாதவர் அல்ல. நாளை சபையில் இதை வாசித்தால் நீதிபதி ஆசனம் அன்றோடு போய்விடும். கோட்டைத் தலைவனுக்குப் பக்கத்திலேயே கூண்டில் நிற்க வேண்டி வரலாம். வாசிக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, பூதியைத் தவிர. பூதி யாரிடமும் சொல்லக்கூடியவர் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். வெயிலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் நாளைக் காலையிலும் பூவை வைப்பாள், மாலையில் எடுப்பாள்.

அவர் எழுத்தாணியை வாங்கினார். புதிய ஏடு ஒன்றில் நிதானமாக எழுதினார்.

'தோணிக்காரர் தத்தன் கோட்டையில் உயிரோடு இருந்ததை அறிந்தும், அவர் காணாமல் போனார் என்று விடங்கன் ஆகிய நான் எழுதினேன். அவரைக் காணாமல் ஆக்கியவர்களில் நானும் ஒருவன்.'

ஐம்பத்தெட்டில் படிக்க வந்து அறுபத்தொன்றில் எழுதிய வாக்கியம். பெரிய புலவர் எவரும் அதைவிட நல்ல வாக்கியம் எழுதியதாகத் தெரியவில்லை.

பூதி வாங்கி எழுத்தெழுத்தாகப் பார்த்தார். "பிழை இல்லை" என்றார்.

"இதைச் சாசனத்தின் முதல் வரியாக வைக்கிறேன். நிலமும் நெல்லும் அடுத்து. குற்றம் செய்தவன் எவனும், நான் உட்பட, வழக்கிலிருந்து தப்பக் கூடாது. பெண்கள் உட்கார்ந்து கேட்க மண்டபத்தைத் திறக்க வேண்டும். இனிமேல் ஆளைக் கண்ணால் பார்க்காமல் எந்த எழுத்தனும் மனுவை முடிக்கக் கூடாது." அவர் மூச்சு வாங்கினார். "முன்னோர் எழுதியதில் பாதிக்கு மேல் இதற்குள் வந்துவிட்டது அம்மா."

"வரட்டும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நொண்டும். வேம்பு உங்களோடு உட்கார்ந்து சாசனத்தைத் திருத்தட்டும்."

"இதுவும் போதாது என்று அவள் சொன்னால்?"

"சொன்னால் மறுபடி எழுதுங்கள்."

விடங்கர் ஏடுகளைக் கட்டினார். எழுந்தார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். மூன்று வருடமாக எத்தனையோ கேட்டிருக்கிறார். இவ்வளவு தயங்கி எதையும் கேட்டதில்லை.

"அம்மா, நாளை இதை வாசித்தால் வேம்பு என்னை மன்னிப்பாளா?"

"அது அவர் எழுத வேண்டிய வாக்கியம் ஐயா" என்றார் பூதி. "அதில் நீங்கள் எழுவாய் இல்லை."