கெம்பனோட கனத்த அம்பு

ம் கொட்டுறவங்களுக்குத்தான் கதை. கொட்டாதவங்க இப்பவே தூங்கிக்கலாம், நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். எங்க, எல்லாரும் ஒருதரம் கொட்டுங்க பாப்போம்... ஆங், சரி.

ஒரே ஒரு மலையாம், காத்தூதி மலைன்னு பேராம். அங்க நின்னு வாயத் தொறந்தா காத்து உள்ள பூந்து வயிறு ரொம்பிடுமாம், அவ்ளோ காத்து. அந்த மலை மேல ஒரு சின்ன ஊரு, அந்த ஊருல கெம்பன்னு ஒரு வேட்டைக்காரன், அவன் பொண்டாட்டி பேரு மாசி, அவங்களுக்கு உங்கள மாதிரியே எந்நேரமும் பசிக்குது பசிக்குதுன்னு கத்துற புள்ளைங்க மூணு.

அந்த ஊருல வருசா வருசம் தினை விதைக்கிறதுக்கு முன்னால வரையாட்டு வேட்டை நடக்கும். வரையாடுன்னா நம்ம கொட்டாயில கட்டிருக்கோமே அது இல்ல. செங்குத்தா நிக்கிற பாறையில, பல்லியே யோசிச்சு யோசிச்சு போற எடத்துல, அது பாட்டுக்கு நின்னு அசை போடும். ஒரே ஒரு கிடாயத்தான் அடிப்பாங்க. யாரோட அம்பு அந்தக் கிடா ஒடம்புல நிக்குதோ, அவனுக்கு அந்த வருசம் பூரா ஊத்தடி நெலம். ஊத்து பக்கத்துலயே இருக்கறதால அங்க குச்சிய ஊனினாலும் துளிர்க்கும். மத்தவங்களுக்கு சரிவுல பங்கு. அதுலயும் கடைசிப் பங்கு கல்லுச்சரிவு, அங்க வெதைக்கிறதும் ஒண்ணுதான், சும்மா ஒக்காந்திருக்கிறதும் ஒண்ணுதான்.

ஊத்தடி நெலம் யார்கிட்ட இருந்துச்சு? பெள்ளன்கிட்ட. அவன் பெரிய பீத்தலு. மயில் றெக்க வச்ச அம்பு, மயில் றெக்க வச்ச தலப்பா, பேச ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் அவன் வீரத்தத்தான் பேசுவான். கல்லுச்சரிவு யார்கிட்ட இருந்துச்சு? வேற யாரு, நம்ம கெம்பன்தான்.

மாசி சொன்னா, "மாமா, இந்த வருசமும் கல்லுச்சரிவுன்னா நாம கீழ்நாட்டுக்குக் கூலிக்குப் போயிட வேண்டியதுதான். புள்ளைங்க கெழங்கு தின்னு தின்னு கெழங்காட்டமே ஆயிடுச்சுங்க."

கெம்பனுக்கு அழுகையே வந்துடுச்சு. மலைய விட்டு எங்க போறது? சரின்னு அம்பு செய்ய ஒக்காந்தான்.

மொதல்ல பெள்ளன் மாதிரியே நாணல் குச்சியில மயில் றெக்க வச்சு ஒரு அம்பு செஞ்சான். பாறை மேல ஏறி நின்னு விட்டான். காத்து வந்துச்சு, அம்ப வாங்கிச்சு, கொண்டுபோய் அடுத்த மலையில போட்டுச்சு. அப்புறம் மூங்கில்ல, வெத்தல அகலத்துக்கு இரும்பு அலகு வச்சு ஒண்ணு செஞ்சான். பாறை மேல ஏறி நின்னு விட்டான். காத்து வந்துச்சு, அலகப் புடிச்சு ஒரு திருகு திருகிச்சு, அம்பு பட்டம் மாதிரி தலைகுப்புற வுழுந்துச்சு.

கெம்பன் தலையில கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டான். மாசி வெறகு எடுத்துக்கிட்டு அந்தப் பக்கமா வந்தா.

"மாமா, நான் வெறுங்கூடையோட ஏறும்போது இந்தக் காத்து என்னைத் தள்ளிக்கிட்டே வருது. கூடை நெறைய வெறகு வச்சிட்டு ஏறுனா கிட்டயே வரமாட்டேங்குது. உன் அம்புக்கும் கொஞ்சம் வெறகு ஏத்தேன்," அப்படின்னா.

அப்புறம் மூணாவது அம்பு. உள்ள ஓட்டையே இல்லாத கல்மூங்கில், அதுல மொனைப் பக்கம் கனமா, ஒடுக்கமா ஒரு இரும்பு மொன, பின்னால கழுகு றெக்கைய ஒட்ட வெட்டி வச்சான். பாறை மேல ஏறி நின்னு விட்டான். காத்து வந்துச்சு, பாத்துச்சு, பேசாமப் போயிடுச்சு. அம்பு நேரா போயி நின்னுச்சு.

பெள்ளன் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். "டேய் கெம்பா, ஒலக்கையக் கொண்டாந்திருக்க, ஒரலு எங்கடா?"

கெம்பன் அம்ப எடுத்துத் தோள்ல சாத்திக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான்.

வேட்டை நாளு வந்துச்சு. விடியறதுக்கு முன்னயே எல்லாரும் உச்சிக்கு ஏறிட்டாங்க. ஏன் உச்சிக்கு? வரையாடு எப்பவும் கீழதான் பாக்கும், புலி சிறுத்த எல்லாம் கீழருந்துதான வரும். அதனால மேலருந்துதான் எய்யணும். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பாறைக்குப் பின்னால பதுங்குனான். வெயில் ஏறும்போது ஒரு கெழட்டுக் கிடா வந்து, விலாவ மலைப் பக்கம் காட்டிக்கிட்டு, ஒரு திட்டுல நின்னுச்சு. அந்தப் பக்கம் பாதாளம். திட்டு ஒரு பாய் அகலம்கூட இல்ல.

பெள்ளன் விட்டான், காத்து கொண்டு போச்சு. இன்னொண்ணு விட்டான், அதுவும் போச்சு. கெம்பன் மூச்சப் புடிச்சான், மேலருந்து எய்யறதால கொஞ்சம் தாழ்த்திக் குறி வச்சான், விட்டான். அம்பு தோளுக்குக் கீழ பூந்து, அந்தப் பக்கம் வயித்தோரமா வெளிய வந்து, நிக்காம பாதாளத்துல எறங்கிப் போயிடுச்சு. கிடா அங்கயே மலைப் பக்கமா சாஞ்சுச்சு.

என்னாச்சு பாத்தீங்களா? அம்பு ரொம்ப நல்ல அம்பு. அதான் வம்பே. ஒடம்புல நிக்கல.

கெம்பன் சுத்து வழியா எறங்கி வர்றதுக்குள்ள பெள்ளன் குறுக்கு வழியில எறங்கிட்டான். பாத்தா, கிடா கெடக்குது, அம்பக் காணோம், மேல் பக்கத்துல ஒரு ஓட்ட தெரியுது. அவனுக்கு ஒரே சந்தோசம். தன்னோட மயில் றெக்க அம்ப எடுத்து அந்த ஓட்டயிலயே சொருகிட்டான். கிடாயப் பொரட்டிப் பாக்கணும்னு அவனுக்குத் தோணவே இல்ல.

கிடாய ஊர் நடுவுல இருக்கற மந்தைக்குக் கொண்டாந்து போட்டாங்க. ஊர்த் தலைவரு மூப்பரு பாக்குற வரைக்கும் அம்ப யாரும் உருவக் கூடாது, அதுதான் வழக்கம்.

"என் அம்புதான் மூப்பரே அடிச்சுது, துளைச்சிக்கிட்டுப் போயிடுச்சு," அப்படின்னான் கெம்பன்.

"நிக்கிறது பெள்ளன் அம்புல்ல? வழக்கம் வழக்கந்தான்பா," அப்படின்னாரு மூப்பரு.

கெம்பன் தலையத் தொங்கப் போட்டுட்டான். உரிக்கிறதுக்கு முன்னால கிடாயக் கழுவுறது பொம்பளைங்க வேல. மாசி கண்ணத் தொடச்சிக்கிட்டு தண்ணியோட வந்தா. கழுவுறதுக்குக் கிடாயப் பொரட்டுனா. ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்திப் பாத்தா.

"பெள்ளண்ணே, நீ எங்க நின்னு எய்தே?"

"உச்சியில."

"நெசமா உச்சியிலயா?"

"இருக்கறதுலயே ஒசந்த பாறையில."

"கீழ நிக்கலயே?"

"கீழ நின்னா கிடா பாத்துடாதா? வேட்ட தெரியாதவளே, உச்சியிலதான் நின்னேன்."

ஊரே கேட்டுக்கிச்சு. அப்புறம் மாசி மெதுவா சொன்னா, "மூப்பரே, இந்தப் பக்கம் தோளுக்குக் கீழ இன்னொரு ஓட்ட இருக்குது. பெள்ளண்ணன் அம்பு அந்தப் பக்கம் வயித்துலருந்து முதுகப் பாத்து ஏறியிருக்குது. அப்படி எய்யணும்னா பாதாளத்துல, ஆகாசத்துல மெதந்துக்கிட்டேதான் எய்யணும். அண்ணனுக்குப் பறக்கத் தெரியுமான்னு கேளுங்க."

பெள்ளன் தலப்பாவச் சரி பண்ணிக்கிட்டான். "கிடா திரும்பி நின்னுச்சு," அப்படின்னான். பாய் அகலத் திட்டுல அது எப்படித் திரும்பும்னாங்க. "அம்பு உள்ள போயி உள்ளயே திரும்பிடுச்சு," அப்படின்னான். அங்க என்ன சத்திரமா இருக்குது திரும்பறதுக்குன்னாங்க. "காத்து அம்பக் கீழ கொண்டு போயி மறுபடியும் மேல கொண்டாந்துச்சு," அப்படின்னான். எல்லாரும் சிரிச்ச சிரிப்புல மந்தையில கட்டியிருந்த மாடெல்லாம் கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடுச்சாம்.

மூப்பரு மட்டும் சிரிக்கல. "அந்தக் காத்த எங்களுக்கும் காட்டு," அப்படின்னாரு. எல்லாரும் மறுபடியும் மலை ஏறி, பாறை விளிம்புல ஒரு பூசணிக்காய வச்சாங்க. பெள்ளன் மேல நின்னு விட்டான், அம்பு பறந்துச்சு. மறுபடியும் விட்டான், அதுவும் பறந்துச்சு. மூணாந்தரம் விட்டான், காத்து அம்ப மட்டும் இல்ல, அவன் தலப்பாவயும் சேத்துக் கொண்டு போச்சு. அப்புறம் கெம்பன், அதே மாதிரி செஞ்சு வச்சிருந்த இன்னொரு கனத்த அம்ப எடுத்து விட்டான். பூசணிக்காயில மேல ஒரு ஓட்ட, கீழ ஒரு ஓட்ட, அம்பு இல்ல.

மூப்பரு அந்தப் பூசணிக்காயக் கையில எடுத்துப் பொரட்டிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "இத்தன காலமா நின்ன அம்பத்தான் பாத்தோம், ஓட்டையப் பாக்கலயேப்பா. இனிமே பொரட்டிப் பாத்துட்டுத்தான் பேசணும்."

அப்ப கூட்டத்துல ஒருத்தன், "போன வருசக் கிடாயில ஓட்டைய யாரும் பாக்கலயே," அப்படின்னான். எல்லாரும் பெள்ளனத் திரும்பிப் பாத்தாங்க. அவன் வானத்தப் பாத்தான்.

ஊத்தடி நெலம் கெம்பனுக்கு. மாசி அங்க போயி, ஊத்து ஓரத்துல ஒக்காந்து, வாய் விட்டு அழுதா, சந்தோசத்துல. கெம்பன் புள்ளைங்களுக்கு அன்னிக்கு வயிறு முட்டக் கறிச்சோறு. பெள்ளனுக்குக் கல்லுச்சரிவு. அவன் பொண்டாட்டி ஒரு கூடையக் கொண்டாந்து அவன் கையில குடுத்து, "வீரம் பேசுனது போதும், கல்லப் பொறுக்கு," அப்படின்னாளாம். அவ புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க? அதுங்களுக்கு மாசி கறிச்சோறு குடுத்தனுப்புனா. பெள்ளனுக்குக் குடுக்கல.

அதனாலதான் சொல்றேன், அடுத்தவன் செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்லாதீங்க. எங்க நின்னேன்னு ஒருத்தி கேட்டாப் போதும், பதில் இருக்காது.

கதை மலையேறிப் போச்சு, கேட்டவங்கெல்லாம் பாயேறிப் படுங்க.