அடைக்கல ஆலயத்தின் சின்னக் கிண்ணங்கள்

கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். "எல்லார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது" என்று வழவழ கொழகொழவென்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்.

சென்னைப் பட்டணத்தில் அடைக்கல ஆலயம் என்று ஒரு சபை. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சீர்திருத்தம் என்றாலே அந்தச் சபையைத்தான் காட்டுவார்கள். ஆலைத் தொழிலாளருக்குப் பள்ளிக்கூடம், விதவைகளுக்குத் தையல் வகுப்பு, சாராயக்கடை வாசலில் மறியல். இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்குக்கூடப் புளிக்காத திராட்சரசம்தான். 'இங்கே சாதி இல்லை' என்று வாசலில் பலகையே மாட்டியிருந்தார்கள். அப்படி ஒரு பலகை எதற்குத் தேவைப்பட்டது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

திருவிருந்துக்கு வெள்ளிப் பாத்திரம் ஒன்றே ஒன்று. ஜனங்கள் பீடத்தின் முன் வரிசையாக முழங்காலிடுவார்கள். போதகர் ஒருவருக்குக் கொடுத்து, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, அதே பாத்திரத்தை அடுத்தவர் வாயில் வைப்பார். யார் முதலில் போவது என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் வக்கீல் வீட்டார், டாக்டர் வீட்டார் எல்லாம் முன்னால் போவார்கள். மற்றவர்கள் பின்னால் போவார்கள்.

அந்த வருஷம் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பதினொரு குடும்பங்கள் சபையில் சேர்ந்தன. அவர்களில் ஒருத்தி யேசுவடியாள். தெருக் கூட்டும் வேலை. வயது நாற்பதுக்கு மேல். சபைப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள். கற்றுக்கொடுத்தவர் வக்கீல் வேதமாணிக்கம்.

முதல் திருவிருந்தன்று யேசுவடியாள் நேரே போய் வரிசையின் முதல் இடத்தில் முழங்காலிட்டாள். வாயால் ஒருவரும் சொல்லாத வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? அருமைநாயகம் ஐயர் அவளுக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். விளிம்பைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. குடியிருப்பின் மற்றப் பத்துக் குடும்பத்தாரும் இன்னும் சிலரும் மட்டும் வந்தார்கள். நாற்பது பேர் பெஞ்சை விட்டு எழவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது அன்றைக்கு அம்பலமாயிற்று.

மறு வாரம் கமிட்டி கூடியது. கால்வலி, தலைசுற்றல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வேதமாணிக்கம் மட்டும் எழுந்து நின்றார்.

"பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல, ஐயரே. அவளைப் படிக்க வெச்சேன், இன்னும் படிக்க வெப்பேன். ஆனா அவ வாய் வெச்ச பாத்திரத்துல என்னால குடிக்க முடியல. இது சாதிப் புத்திதான். தெரியுது, விட முடியல."

அப்புறம் யாரோ டாக்டர் பொன்னையாவின் பக்கம் திரும்பினார்கள். அவர் எட்டு வருஷமாகச் சொல்லிவந்தது ஒன்றுதான்: ஒரே பாத்திரத்தில் குடித்தால் வியாதி பரவும், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வையுங்கள். எட்டு வருஷமும் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இப்போது அதையே எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள்.

"இப்ப எதுக்குக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். ஆனாலும் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஐயர் கையெழுத்துப் போடாமல் திருவிருந்தில் எதையும் மாற்ற முடியாது. அவர் இரண்டு நாள் யோசித்தார். மறுத்தால் நாற்பது பேரும் வேறு கோவிலுக்குப் போவார்கள். பள்ளிக்கூடமும் தையல் வகுப்பும் அவர்கள் கையில்தான் நடந்தன. கையெழுத்துப் போட்டார். 'சுகாதாரத்தை முன்னிட்டு' என்று பிரசங்க மேடையிலிருந்து வாசித்தார்.

அடுத்த திருவிருந்துக்குத் தட்டு நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வந்தன. நாற்பது பேரும் எழுந்து வந்தார்கள். டாக்டருக்கும் வக்கீலுக்கும் நடுவில் முழங்காலிட்டு யேசுவடியாளும் குடித்தாள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஐயரிடம் வந்தாள்.

"டீக்கடையில எங்களுக்கு மட்டும் தனி கிளாஸு, ஐயரே. இங்க எல்லாருக்குமே தனி கிளாஸு. அந்தமட்டுக்கும் தேவலை."

"அப்படி இல்லம்மா. வியாதி பரவக் கூடாதுன்னுதான்" என்றார் ஐயர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க ஐயரே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது சொல்லுங்கள். குடிக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்ன வக்கீல், நிஜத்தை எழுதிப் பொய்க்குக் கொடுத்த டாக்டர், சபை உடையக் கூடாது என்று கையெழுத்திட்ட ஐயர். இந்த மூவரில் அதிகம் வெட்கப்பட வேண்டியவர் யார்?

என் பதில்: ஐயர். வக்கீல் செய்தது பாவம்தான், ஆனால் அதன் பெயரைச் சொல்லிச் செய்தார். டாக்டர் தன் கடிதம் எதற்குப் பயன்படும் என்று தெரிந்தே கொடுத்தார். ஆனாலும் அதற்கு எட்டு வருஷம் முன்னால் இருந்தே அவர் பேச்சு அதுதான். ஐயரின் கையெழுத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அதில் பதினொரு குடும்பங்களுக்கும் இடம் மிஞ்சியது. வாசலில் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயையும் கண்ணால் பார்த்தவளிடமே அதைச் சோற்றில் மறைத்தார். "ஆமாம்மா, எங்களை மன்னிச்சுக்கோ" என்று சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? அன்றிரவு அதையெல்லாம் டைரியில் எழுதியிருக்கிறார். அவளிடம் சொல்லவில்லை. அந்த டைரி என்னிடம் இருக்கிறது. அவர் என் தாத்தா. போன ஈஸ்டருக்கு அதே அடைக்கல ஆலயத்துக்கு வந்த என் மாப்பிள்ளை, "எங்க சபையில எல்லாரும் ஒரே பாத்திரத்துலதான் குடிக்கறோம். இங்க ஏன் மாமா தனித்தனியா?" என்று கேட்டார். பக்கத்துப் பெஞ்சில் அந்தக் குடியிருப்புக்காரர்களின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சுகாதாரம் என்று சொன்னேன்.