காத்தாயி முடிந்து வைத்த உப்பு

அந்தக் காலத்தில், உப்புக்கும் உமிக்கும்கூட வாய் இருந்தபோது, வானத்திலிருந்து விழுந்த ஆலங்கட்டி கரையாது. விழுந்த இடத்திலேயே கிடந்து, பக்கத்தில் உள்ள சூட்டையெல்லாம் குடிக்கும். எவ்வளவு குடித்தாலும் அதன் தாகம் அடங்காது. விவரம் தெரிந்தவர்கள் அதைக் கண்டால் எட்டவே நடந்துபோனார்கள்.

கடலோரத்து உப்பளத்தில் காத்தாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் மாசிலான் பாத்தியில் உப்பு வாரும்போது பாம்பு கடித்துச் செத்துப்போனான். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாடையைத் தூக்கும் முன், செத்தவன் தன் கையால் வாரிய உப்பில் ஒரு பிடியைப் பெண்டாட்டி அவன் நெஞ்சில் போட வேண்டும். போட்டால்தான் போகிறவன் போவான். காத்தாயி உப்பை அள்ளினாள், ஆனால் போடவில்லை. கூட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லாம போன மனுசனுக்கு நான் எதுக்கு வழி விடணும்?" என்று முனகிக்கொண்டாள். ஆசைதான், வேறென்ன?

மூன்றாம் நாள் உச்சிவெயிலில், மேகமே இல்லாத வானத்திலிருந்து ஒரே ஒரு ஆலங்கட்டி விழுந்தது. ஆட்டுக்கல் பருமன். சரியாக அவள் வாசலில் விழுந்தது.

"காத்தாயி," என்றது ஆலங்கட்டிக்கு உள்ளேயிருந்து ஒரு குரல். "வெளியிலேயே நிக்கிறேனே. குளிருது."

மாசிலானின் குரல். அவள் பயப்படவில்லை. உருட்டிக்கொண்டுபோய் அடுப்பு மூலையில் வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் குடிசையில் பேச்சுக்குக் குறைவில்லை. சூட்டுக்குத்தான் குறைவு. உலை கொதிக்க மறுத்தது. அடைகாத்த கோழி உட்கார்ந்தபடியே விறைத்துக் கிடந்தது. "எல்லாம் வாடைக்காத்து," என்று காத்தாயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பங்குனி மாதத்தில் ஏது வாடைக்காற்று?

ஒருநாள் மகளுக்குச் சோறு ஊட்டும்போது ஐந்து வயது செவந்தியின் விரல்கள் சில்லென்று பட்டன. வாடைக்காற்று இல்லை என்று அப்போதுதான் காத்தாயிக்கு உறைத்தது. ஓடிப்போய் ஒரு மூட்டை உமி கொண்டுவந்தாள்.

"நான் நடுவுல நிக்கிறேன்," என்றது உமி. "உன் வீட்டுச் சூட்டை உள்ளே விடமாட்டேன். ஆனா உள்ளே இருக்கறதையும் வெளியே விடமாட்டேன். காவல் காக்கத்தான் எனக்குத் தெரியும், தாயி."

அது போதும் என்று அவள் நினைத்தாள். உமியைக் குவித்து மூடினாள். உலை மறுபடி கொதித்தது, புருஷன் குரலும் மெல்லக் கேட்டது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

நான்கு நாள் கழித்து, அளத்திலிருந்து மத்தியானம் திரும்பினாள். உமிக் குவியலில் ஒரு குழி. அப்பா பேச்சைக் கேட்கப் பிள்ளை தோண்டியிருக்கிறது. ஆலங்கட்டியில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள் செவந்தி. உதடு நீலம் பாரித்திருந்தது.

"செவந்தி!"

"என்னம்மா?" என்று பதில் வந்தது. பிள்ளையின் வாய் அசையவில்லை. பதில் ஆலங்கட்டிக்குள்ளேயிருந்து வந்தது.

காத்தாயி மகளை வாரி எடுத்து மடியில் போட்டுத் தேய்த்தாள். கட்டை மாதிரிக் கிடந்தது உடம்பு. அப்போது முந்தானை முடிச்சு பேசியது.

"என்னை அவுத்துப் போடு, தாயி. நான் தொட்டா அது கரையும். நானும் கூடவே கரைஞ்சுடுவேன்."

"அவரு போயிடுவாரே."

"அவன் போய் எத்தனை நாளாச்சு," என்றது உப்பு.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். "வேணாம் காத்தாயி," என்றது மாசிலானின் குரல். "புள்ள என்கிட்ட இருக்கட்டும். நீயும் வந்துடு. மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்."

ஒரு நிமிஷம் அவள் கை நின்றது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அவளுக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. பிறகு மடியில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பிடி உப்பையும் ஆலங்கட்டியின் மேல் கொட்டி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

உள்ளே எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் வழிந்தது. கரையக் கரையச் சில்லிப்பு குறையும் என்றுதானே நினைப்போம்? இல்லை. முன்னெப்போதும் இல்லாத குளிர் ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது, ஐந்து விரலாகப் பிடித்தது. "காத்தாயி... காத்..." என்று குரல் தேய்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் பிடி தானே விட்டது. உமிக்கு நடுவே கொஞ்சம் உப்புத்தண்ணீர் மட்டும் நின்றது.

மடியில் பிள்ளை அசைந்தது. "அப்பா எங்கம்மா?"

"போயிட்டாரும்மா," என்றாள் காத்தாயி. அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறை சொன்னாள், சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அன்று முதல்தான் பனிக்கட்டி கரையக் கற்றுக்கொண்டது. உமி மூடினால் மெல்லக் கரையும், உப்புப் பட்டால் விறுவிறுவென்று கரையும். உப்புப் போட்ட பனிக்கட்டியைத் தொட்டுப் பாருங்கள், கரையும்போதே முன்னைவிட அதிகமாகக் குளிரும். போக மனமில்லாதவன் கடைசியாகக் கையைப் பிடிக்கிற குளிர் அது.