ஜமீன்தாரின் முதுகை நிமிர்த்திய மெத்தை

ஜமீன்தார் பூபதியை நான் இன்றும் மன்னிக்கவில்லை. இலவம்பஞ்சு மெத்தையில் முதுகு அமுங்கி வலித்ததாம். அதைத் தைத்த மீரானைச் சிறையில் போட்டுவிட்டார். மீரானின் மனைவி ஜொகராவைத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

“வேற மெத்தை கொண்டு வா. நாளைக்கும் வலிச்சா உன் புருஷன் வெளியே வரமாட்டான்!” என்றார் ஜமீன்தார்.

ஜொகரா அன்றே பட்டுறை போட்ட மெத்தையை விரித்தாள். மறுநாள் காலையில் ஜமீன்தார் கைத்தடி இல்லாமல் நிமிர்ந்து நின்றார். அரண்மனையே வாயைப் பிளந்தது.

“அடேயப்பா! உள்ளே என்ன, அன்னத்தின் இறகா?”

“வைக்கோல், எஜமான். சிறையில என் வீட்டுக்காரருக்கு நீங்க போட்ட மெத்தைதான். பாவம், நேத்து வெறுந்தரையில கிடந்தார். திருப்பிக் கொடுத்துடுங்க.”

ஜமீன்தார் மெத்தையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இது இங்கேயே இருக்கட்டும். நீ அவனைக் கூட்டிக்கிட்டுப் போ!”