வெள்ளிப் பூண்

கருங்குன்றத்தை ஒரு ராஜா ஆண்ட காலத்தில் நடந்தது இது. அவர் பெயர் எனக்கு மறந்துவிட்டது. நினைவில் வைத்துக்கொள்ளும்படி அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர் ஊரில் ஒரு சிலம்பக்கூடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன், கேளுங்கள்.

அந்தக் கூடத்தில் தேறியவனின் கம்பு முனையில் பூண், அதாவது உலோக வளையம், பூட்டுவார்கள். முதலில் இரும்புப் பூண், அடுத்து செம்புப் பூண், கடைசியில் வெள்ளிப் பூண். வெள்ளிப் பூண் ஏறியவன்தான் கோட்டைவாசல் காவலுக்குத் தலைவன்.

அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. தன்னைவிட உயர்ந்த பூண்காரன் மேல் யாரும் கம்பு படவிடக் கூடாது. அடிக்க இடம் கிடைத்தாலும், ஒரு சாண் தள்ளிக் கம்பை நிறுத்தி, 'வணக்கம்' என்று தலைகுனிய வேண்டும். மரியாதையாம். நல்ல மரியாதை!

அந்தக் கூடத்தில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். அண்ணன் ஆதப்பன் செம்புப் பூண்காரன். தம்பி சடையனுக்கு வெறும் கம்புதான். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அண்ணன்தான் சோறு போட்டு வளர்த்தான்.

தலைக்கு மேல் கம்பு சுற்றும்போது ஆதப்பனின் இடது கால் முட்டி காவல் இல்லாமல் நிற்கும். பூண் இல்லாத நாளில் அங்கே அடி வாங்கி வாங்கி எச்சரிக்கையாக இருந்தான். பூண் ஏறிய பிறகு அடிப்பார் இல்லை. மறந்துபோனான்.

சடையன் முதல் தடவை வீட்டில் வைத்துச் சொன்னான். "அண்ணே, உன் இடது முட்டி தெறந்து கெடக்கு."

ஆதப்பன் சிரித்தான். "அப்புறம் ஏன்டா ஒருத்தன் அடியும் படல?"

இரண்டாம் தடவை கூடத்தில் எல்லோர் முன்னும் சொன்னான். ஆதப்பனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "மொட்டக் கம்புக்காரன் எனக்குச் சொல்ல வந்துட்டானா?" என்றான். மூன்று நாள் கூடத்தைப் பெருக்கும் தண்டனை சடையனுக்குக் கிடைத்தது.

மூன்றாவது வாய்ப்பு, வெள்ளிப் பூணுக்கான சோதனை நாளில் வந்தது. எதிரே நிற்பவனைச் சோதனைக்கு வந்தவனே தேர்ந்துகொள்ளலாம். ஆதப்பன் தம்பியைக் கை காட்டினான். கிட்டே போய்க் காதில் சொன்னான்: "ராஜா பாக்குறார். மானத்த வாங்கிடாதடா."

முட்டி திறந்தது. சடையனின் கம்பு விர்ரென்று இறங்கியது. ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

"வணக்கம்" என்றான் சடையன். ராஜா கை தட்டினார், ஆதப்பனின் கம்பில் வெள்ளிப் பூண் ஏறியது.

ஐப்பசி மழையில் மாடு திருடும் கூட்டம் ஆதப்பன் காவல் நின்ற கோட்டைவாசலுக்கு வந்தது. அதன் தலைவனுக்குச் செம்பும் தெரியாது, வெள்ளியும் தெரியாது, வணக்கமும் தெரியாது. முதல் அடி இடது முட்டியில் விழுந்தது. சாய்ந்த ஆதப்பனுக்கு அடுத்த அடி தலையில். சடையன் ஓடிவந்து திருடனை அடித்துச் சாய்த்தான். ஆனால் நேரம் கடந்துவிட்டது.

"நீ அன்னைக்கே அடிச்சிருக்கலாமேடா" என்றான் ஆதப்பன். அவ்வளவுதான், போய்விட்டான். சாகும்போதும் பழியைத் தம்பி தலையில் கட்டிவிட்டுப் போன பாவி! ஆனால் சடையனுக்கு அது உண்மை என்றே பட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திருடனை வீழ்த்தியதற்காக, அண்ணனின் வெள்ளிப் பூணையே ராஜா தம்பியின் கம்பில் பூட்டினார்.

மறுநாள் காலை சடையன் கூடத்தின் நடுவில் நின்றான். "எங்க தெறந்திருக்கோ அங்க அடிங்கடா" என்றான்.

ஒருவன் வந்தான். ஒரு சாணில் நிறுத்தி, 'வணக்கம்' என்றான். இரண்டாமவன் வந்தான். அவனும் 'வணக்கம்' என்றான். மூன்றாமவனிடம் சடையன் அழுதே விட்டான். "ஒரே ஒரு அடிடா!"

"உங்க பூணுக்கு மரியாதை வேணாமாண்ணே?" என்று மூன்றாமவனும் குனிந்தான்.

சடையன் பூணைக் கழற்றி வீசி எறிந்தான். நாலு பேர் ஓடிப்போய் எடுத்து, மண்ணைத் துடைத்து, திரும்பவும் அவன் கம்பிலேயே மாட்டினார்கள்.

தன் தவறைச் சுட்டிக்காட்ட ஒருவரும் துணியாத உயரத்துக்குப் போனவனுக்கு, அதை எதிரிதான் முதலில் காட்டுவான்.