ஜனாதிபதி நல்லவர், ஆனால்

“எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லினம், ரீச்சர். இனி யாரைக் கேட்டு என்ன?”

தவநேசன் படிவக் கட்டை மேசையில் வைத்தார். வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். போன வருடம்தான் கருத்துக்கணிப்பு வேலை பழக வந்து சேர்ந்திருந்தார்.

ஜெயகௌரி அவரைவிட இருபது வயது இளையவர். கல்லூரியில் புள்ளிவிபரவியல் படிப்பித்தவர். அந்த வடபகுதி நகரத்தில் சிறிய கருத்துக்கணிப்பு நிலையம் ஒன்றை நடத்திவந்தார்.

“என்ன பதில்?”

“ஜனாதிபதி நல்லவராம். அப்ப வரப்போற நாடாளுமன்றத் தேர்தலிலும் அவற்ற கட்சிதானே வெல்லும். தலைநகரில செய்த கணிப்புகளும் அதைத்தான் சொல்லுது. நாங்களும் அப்பிடியே எழுதிக் குடுப்பம்.”

ஜெயகௌரி எழுந்து செருப்பை மாட்டினார்.

“வாங்கோ அண்ணை.”

பனிச்சங்குளம் என்ற கிராமத்தில் முதல் வீட்டு விறாந்தையில் ஒரு பெண் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். பெயர் புவனாம்பிகை.

தவநேசன் தன் கனத்த குரலில் கேட்டார்.

“ஜனாதிபதியின்ர வேலை உங்களுக்குத் திருப்தியோ?”

“ஓம். நல்ல மனுசன். நான் அவருக்குத்தான் வோட்டுப் போட்டனான்.”

தவநேசன் குறித்துக்கொண்டு எழப் போனார். ஜெயகௌரி அவர் கையைப் பிடித்து இருத்தினார்.

யாரும் பேசவில்லை.

தவநேசன் பேனையைத் திறந்து மூடினார். வானொலியில் பேச்சு நின்றால் அது பிழை. தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அதுவும் நின்றது.

“ஆனால்,” என்றார் புவனாம்பிகை, “அவற்ற கட்சியில இஞ்ச தேர்தல் கேக்கிற ஆள் எங்கட குளத்தைக் கண்டவரே? கட்டு உடைஞ்சு ரெண்டு போகம் வயல் செய்யேல்லை. அதைத் திருத்தச் சொல்லி விமலரஞ்சினிதான் அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினவ. இந்த முறை என்ர வோட்டு அவவின்ர சுயேச்சைக் குழுவுக்கு.”

“அப்ப ஜனாதிபதி?”

“அவர் நல்லவர்தான். அதுக்கும் இதுக்கும் என்ன?”

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தவநேசன் பழைய படிவங்களைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் முதல் வீட்டிலிருந்து மீண்டும் தொடங்கினார். கேட்டார். பிறகு சும்மா இருந்தார். சில வீடுகளில் தேத்தண்ணி ஆறிப்போனது. சில வீடுகளில் ‘ஆனால்’ வரவேயில்லை. அங்கே வராததையே எழுதினார். வந்த வீடுகளில் அது குளமாக வந்தது, பஸ்ஸாக வந்தது, டொக்டர் இல்லாத ஆஸ்பத்திரியாக வந்தது.

கூட்டிப் பார்த்தபோது ஜனாதிபதிக்கு நல்ல பெயர் இருந்தது. விமலரஞ்சினியின் குழுவுக்குப் பின்னால், அவர் கட்சிக்கு இரண்டாம் இடம்தான் இருந்தது.

கணிப்பைக் கேட்டிருந்த பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

“நாடு முழுக்க ஒண்டு சொல்லேக்க நீங்கள் மட்டும் வேற சொல்லுறீங்கள். பிழைச்சால் உங்கட கணிப்பை இனி ஒருத்தரும் சீண்ட மாட்டினம். நிலையத்தை மூட வேண்டியதுதான்.”

தவநேசன் ஜெயகௌரியைப் பார்த்தார்.

“என்ன செய்வம், ரீச்சர்?”

“வீடு வீடாப் போனது நீங்கள்.”

தவநேசன் படிவக் கட்டைப் புரட்டினார். பிறகு தொலைபேசியில் சொன்னார்.

“போடுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ.”

பத்திரிகை வெளிவந்ததும் தலைநகர்த் தொலைக்காட்சி ஒன்றில் அதை வாசித்துச் சிரித்தார்கள். ஒரு நிபுணர், வடக்கில் யாரோ தாளைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துவிட்டார்கள் என்றார். தவநேசன் தேர்தல் வரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வாக்கெண்ணிய மறுநாள் காலை மாவட்ட முடிவு வந்தது.

விமலரஞ்சினியின் சுயேச்சைக் குழு முதலிடம்.

பத்திரிகை ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். சிரித்த தொலைக்காட்சியும் எடுத்தது. நேரலையில் பேச வர முடியுமா என்று கேட்டது. தவநேசன் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரீச்சரின் வீட்டுக்குப் பறந்தார். வீடு பூட்டியிருந்தது.

சந்தியில் பட்டாசு வெடிச் சத்தம் கேட்டது.

பனிச்சங்குளத்துச் சனம் ட்ராக்டர் பெட்டிகளில் வந்து இறங்கியிருந்தது. பறை அடித்தார்கள். தெரியாதவர்கள் தெரியாதவர்களுக்குச் சர்க்கரை ஊட்டினார்கள். புவனாம்பிகை யாருடைய தோளையோ பிடித்துக்கொண்டு ஆடினார்.

அது ஜெயகௌரியின் தோள்.

ரீச்சரின் கொண்டை அவிழ்ந்திருந்தது. ஒரு கால் செருப்பைக் காணவில்லை. தவநேசன் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனார்.

“ரீச்சர், எங்கட கணிப்பு சரி வந்திட்டுது!”

“கணிப்பு கிடக்கட்டும் அண்ணை. நான் வோட்டுப் போட்ட ஆள் வெண்டிட்டா!”

“நீங்களும் விமலரஞ்சினிக்கோ? ஒரு வருசமா உங்களோட இருக்கிறன். ஒரு சொல்லுக் கூடச் சொல்லேல்லையே?”

ஜெயகௌரி அவர் வாயில் சர்க்கரையைத் திணித்தார்.

“நீங்கள் என்னைக் கேக்கேல்லையே, அண்ணை.”