ஏட்டு வைரவனின் கால்

மலையடிவாரத்து ஆசிரமம் அது. குரு கோமதியம்மைக்கு முப்பத்தாறு வயது. சீடர்களில் மூத்தவரான வைரவனுக்கு அறுபத்திரண்டு. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கியைக் கழற்றிய பிறகும் குரல் மட்டும் இறங்கவே இல்லை.

ஐப்பசி மழையில் சீடர்கள் நாலு பேருக்குக் கால்விரல் இடுக்கு வெளுத்து, தோல் உரிந்து, அரிப்பெடுத்தது. சேற்றுப்புண். வைரவனும் அந்த நாலு பேரில் ஒருவர்.

புதுச் சீடன் இசக்கிமுத்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வயல்வேலை பார்த்தவன். வைரவன் அவன்மேல் பாய்ந்தார்.

“சேத்துல கெடந்த காலோட வந்து எல்லாருக்கும் சீக்கைக் குடுத்துட்டியே! எடுடா பையை!”

“அண்ணாச்சி, என் கால்ல ஒண்ணுமே இல்ல. பாருங்க.”

வைரவன் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்க, பையைத் தூக்கி முற்றத்து மழையில் வீசினார். இசக்கிமுத்து அதைப் பொறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

வெளியூர் போயிருந்த கோமதியம்மை மதியம் திரும்பினார். நடந்ததைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

“வைரவய்யா, உக்காருங்க. காலை நீட்டுங்க.”

“அம்மா, நீங்க என் காலைத் தொடப்பிடாது.”

“நீட்டுங்கன்னு சொன்னேன்.”

பழைய பூட்ஸைக் கோமதியம்மையே கழற்றினார். ஈரக் காலுறையோடு நாற்றமும் வெளியே வந்தது. சீடர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எத்தனை வருஷமா இருக்கு இது?”

“முப்பது வருஷம் பூட்ஸுக்குள்ள கெடந்த காலும்மா. வரும், போகும்.”

“மருந்து?”

“போடுவேன். அரிப்பு நின்னதும் விட்டிருவேன்.”

“குளிச்சிட்டு எதுல துடைக்கீங்க?”

வைரவன் கொடியைப் பார்த்தார். நாலு பேர் துடைத்த ஒரே துண்டு அங்கே நனைந்து தொங்கியது.

“இசக்கிமுத்து ஒருத்தன்தான் தன் துண்டைத் தனியா வச்சிருந்தான்” என்றார் கோமதியம்மை. துண்டை உருவிக் கொண்டுபோய் அடுப்பில் கொதித்த தண்ணீரில் போட்டார்.

வைரவன் குரலை உயர்த்தினார். “தப்புதான். அதுக்காக இத்தனை பேர் முன்னாடி என்னை அவமானப்படுத்தணுமா?”

“அவன் பையை எத்தனை பேர் முன்னாடி எறிஞ்சீங்க?”

வைரவன் மழை பெய்த முற்றத்தைப் பார்த்தார்.

“இனிமே ஆளுக்கொரு துண்டு. விரல் இடுக்குல சொட்டு ஈரம் இருக்கப்பிடாது. இந்தப் பூட்ஸ் வேண்டாம், திறந்த செருப்பு போடுங்க. அரிப்பு நின்ன பெறவும் ரெண்டு வாரம் மருந்து போடணும்.”

“அவன்கிட்ட என்ன சொல்ல?”

“அது நான் சொல்லியா தெரியணும்?”

மறுநாள் வைரவன் ரப்பர் செருப்போடு மூணு மைல் நடந்து இசக்கிமுத்துவின் ஊருக்குப் போனார். அவன் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தான். கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவன் திரும்பவில்லை. அடுத்த நாளும் போனார். அரிவாள் சத்தம்தான் கேட்டது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தவர் குருவின் முன்னால் வெடித்தார்.

“அறுபத்திரண்டு வயசு ஆளும்மா நான்! கையெடுத்துக் கும்பிடுதேன், ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கான்! இன்னும் எத்தனை நாள் போகணும்? அவன் பேசுற வரைக்குமா?”

கோமதியம்மை சொன்னார்:

“பேசின பெறவும் ரெண்டு வாரம்.”